ஒரு சட்டையில் எத்தனை டொலர் நம்முடையது?

ஏற்றுமதிக்கு ஆடை தைக்கும் தொழிற்சாலைகள் உள்ள கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கு வெளியே, சம்பள நாள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகள் போடிங் வாடகையை எண்ணிக் கொடுப்பார்கள், போனுக்கு ரீலோட் போடுவார்கள். மலையகத்திலிருந்து வந்தவள் வீட்டுக்குக் காசு அனுப்புவாள். கொத்துரொட்டிக் கடையில் தகரம் அதிரும். தைத்த சட்டை அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விட்டது. அது கொண்டுவந்த பணம் மட்டும் இந்தத் தெருவில் கைமாறிக்கொண்டிருக்கிறது. 1978இல் வலயம் தொடங்கியதிலிருந்து இதுதான் கதை.

அந்தப் பிள்ளையின் கைக்கு வருவது ரூபாய்தான், டொலர் அல்ல. வெளிநாட்டுக் கொள்வனவாளர் அனுப்பிய டொலரைக் கம்பெனி வங்கியில் மாற்றிச் சம்பளம் கொடுக்கிறது. மாற்றிய டொலரை அதே வங்கி, பெற்றோலோ பருப்போ மருந்தோ இறக்குமதி செய்பவருக்கு விற்கிறது. ஆக ஒரே டொலர் இங்கே சம்பளமாகிறது, அங்கே எரிபொருளாகிறது. 2022இல் நாம் கொழும்பு காலி வீதியில் பெற்றோல் வரிசையில் காத்துக்கிடந்தது இந்த இரண்டாவது வேலைக்கு டொலர் போதாமல் போனதால்தான். அந்த ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதையே இடைநிறுத்தியது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது.

சரி, சம்பளத்துக்கே திரும்புவோம். ஒருத்தி 100 ரூபாய் செலவழிக்கிறாள். அதை வாங்கிய கடைக்காரர் 60ஐ உள்ளூரிலேயே செலவழிக்கிறார், மீதி சேமிப்புக்கும் இறக்குமதிச் சாமானுக்கும் போகிறது. அந்த 60ஐப் பெற்றவர் 36ஐச் செலவழிக்கிறார். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் கடைசியில் 250 ரூபாய்க்கு வியாபாரம் நடந்திருக்கும். பொருளியலாளர்கள் இதைப் பெருக்கி விளைவு என்பார்கள். 60 என்பது நான் கணக்குக்காக எடுத்த எண். அது 40 என்றால் மொத்தம் 167க்கு மேல் போகாது. எவ்வளவு வெளியே ஒழுகுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒழுக்கு கடையில் தொடங்குவதில்லை, தொழிற்சாலை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. பத்து டொலர் சட்டைக்குத் துணியும் பொத்தானும் சிப்பும் ஐந்து டொலருக்கு வெளியிலிருந்து வந்தால், நம்முடையது மீதி ஐந்துதான். ஏற்றுமதிப் புள்ளிவிபரத்தில் மட்டும் பத்தும் பதியும். எனக்கு அந்த முழு எண்ணில் பெரிய நம்பிக்கை கிடையாது.

தேயிலையில் கதை வேறு. கொழுந்து நம் மலையில் பறித்தது, வாட்டி அரைத்தது நம் ஆலையில். கொழும்பில் 1883 முதல் நடக்கும் ஏலத்துக்கு முன்னால், ஒரு மிடறு உறிஞ்சி வாயில் சுழற்றித் துப்பிவிட்டு விலை மதிக்கிறார்களே, அந்தச் சுவைஞர்களும் நம்மவர்கள்தான். உரம், டீசல் போன்ற சிலதைக் கழித்தால் மிச்சம் பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். ஆனால் அந்தச் சிலதில் கைவைத்தாலும் அடிதான். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். அந்த வருடம் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, அடுத்த வருடம் 25 கோடியளவுக்கு இறங்கியது. டொலரை மிச்சம்பிடிக்கப்போய் டொலர் தரும் செடியையே பட்டினி போட்ட வேலை அது. இன்னொன்று, பணம் நாட்டுக்குள் நிற்பதும் கொழுந்து பறிப்பவரின் கைக்குப் போவதும் ஒன்றல்ல. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கைக்கு 2021 வரை காத்திருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

அப்புறம், வாங்குபவர் யார் என்பதும் முக்கியம். நம் ஏற்றுமதிப் பொருட்களில் கால்வாசியளவு அமெரிக்காவுக்குத்தான் போகிறது, அதிலும் பெரும்பங்கு ஆடை. 2025 ஏப்ரலில் 44 வீதத் தீர்வை என்று அங்கே அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓகஸ்டில் 20 வீதத்தில் நிறுத்தினார்கள். தீர்வையைக் கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர்தான். ஆனால் அவர் விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லாவிட்டால் ஓடரைக் குறைப்பார். ஓடர் குறைந்தால் ஆட்களை நிறுத்துவதற்கு முன்பே ஓவர்டைமை வெட்டுவார்கள். சம்பளத் தாளில் அந்த ஒரு வரி சிறுத்தால் போடிங் வாடகை குறையாது, வீட்டுக்கு அனுப்பும் காசும் லேசில் குறையாது. கொத்துரொட்டிதான் முதலில் நிற்கும்.