‘எவ்வளவு மகசூல்?’ என்று மட்டும் கேட்டு பருத்தி விதை வாங்காதீர்கள்

பருத்தி இனப்பெருக்க வேலையில் இருக்கும் என்னிடம் விவசாயிகள் முதலில் கேட்பது, “இது எவ்வளவு மகசூல் தரும்?” என்பதைத்தான். நியாயமான கேள்வி, ஆனால் அது மட்டும் போதாது. செடியில் ஒரு குணத்தைக் கூட்டினால் பெரும்பாலும் இன்னொன்று குறையும். எதை விட்டுக்கொடுத்து எதைப் பிடித்தோம் என்று தெரிந்தால்தான் அந்த விதை உங்கள் நிலத்துக்கு ஆகுமா என்று சொல்ல முடியும்.

இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுணை, அதாவது இலையின் மெல்லிய முடி, அடர்த்தியாக, நீளமாக இருந்தால் தத்துப்பூச்சி முட்டை வைக்கவும் சாறு உறிஞ்சவும் சிரமப்படும். அதனால் அப்படிப்பட்ட செடிகளைத் தேடித் தேர்வு செய்கிறோம். ஆனால் அதே சுணை வெள்ளை ஈக்கு வசதியாகிவிடுகிறது. பறிக்கும்போது காய்ந்த இலைத் தூளும் பஞ்சில் அதிகம் ஒட்டும். உங்கள் வயலில் எந்தப் பூச்சி அதிகத் தொல்லை தருகிறது என்று தெரியாமல் யாராலும் சரியான விதையைச் சொல்ல முடியாது.

இழையிலும் இதே இழுபறிதான். விதைத்தோலின் ஒற்றைச் செல் நீண்டு வளர்ந்ததே ஒரு இழை. பருத்தியில் சில இனங்கள் உண்டு. ஹிர்சூட்டம் இனம் நிறையக் காய்க்கும். உலகப் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். பார்படென்ஸ் இழை நீளமானது, வலுவானது, ஆனால் செடி தாமதமாக முதிரும். ஆர்போரியம் வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் நன்றாகத் தாங்கும், இழையோ குட்டை. முதல் இரண்டுக்கும் 52 குரோமோசோம், ஆர்போரியத்துக்கு 26. அதை ஹிர்சூட்டத்தோடு சேர்த்தால் 39 குரோமோசோமுடன் மலட்டுச் செடி வரும். குரோமோசோமை இரட்டிப்பாக்கி, பிறகு பல தலைமுறை திரும்பத் திரும்பக் கலந்தால்தான் வேண்டிய குணம் கைக்கு வரும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது.

வீரிய ஒட்டு விதையின் கதை வேறு. இரண்டு வேறு செடிகளைக் கலந்து எடுக்கும் விதை அது. 1970இல் சி. டி. படேல் சூரத்தில் உருவாக்கிய எச்-4 தான் வணிக அளவில் வந்த முதல் வீரிய ஒட்டுப் பருத்தி. இப்படிப்பட்ட விதை எடுக்க, தாய்ச் செடியில் மறுநாள் மலரப்போகும் மொட்டை மாலையில் பிடித்து, அடியில் கட்டைவிரல் நகத்தால் கீறி, இதழையும் மகரந்தப்பைகள் ஒட்டியிருக்கும் குழலையும் ஒரே சுற்றில் உரித்தெடுக்க வேண்டும். நகம் ஆழமாகப் பட்டால் சூலகம் காயப்பட்டுப் பிஞ்சு உதிரும். மகரந்தப்பை கொஞ்சம் தங்கினாலும் தன் மகரந்தமே சேர்ந்துவிடும். அடுத்த நாள் காலையில் ஆண் பெற்றோராகத் தேர்ந்த செடியின் பூவைக் கொண்டுவந்து சூல்முடியில் தடவ வேண்டும். ஒவ்வொரு காய்க்கும் இவ்வளவு கைவேலை.

அந்த வீரியம் முதல் தலைமுறையோடு சரி. அதில் விளைந்த விதையை எடுத்து விதைத்தால் குட்டையும் நெட்டையுமாக, முன்பின்னாகக் காய்க்கும் செடிகள் வரும். பஞ்சும் ஒரே தரத்தில் இருக்காது. ஒரு பருவ உழைப்பு இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. பாக்கெட்டில் ‘வீரிய ஒட்டு’ என்றிருந்தால் விதை எடுத்து வைக்காதீர்கள்.

‘ரகம்’ என்றிருந்தால், அதாவது ஒட்டு அல்லாத விதை என்றால், எடுத்து வைக்கலாம். ஆனால் தேனீக்கள் பக்கத்து வயல் மகரந்தத்தைக் கொண்டுவரும். அதனால் ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு, வயலின் நடுவில் நோயில்லாத செடிகளில், இடைப்பட்ட பறிப்புகளில் வந்த நன்றாக வெடித்த காய்களின் பஞ்சை மட்டும் தனியாக அரைத்து, பிரிந்து வரும் விதையை எடுத்து வையுங்கள்.