துணி கிளிப்பும் கோணல் பிள்ளையாரும்

என்னிடம் முதல் தடவை வரும் குழந்தையின் கையில் நான் பென்சிலைக் கொடுப்பதில்லை. ஒரு துணி கிளிப்பைத்தான் கொடுப்பேன். கொடியில் காயும் துணி பறக்காமல் இருக்க மாட்டுவோமே, அதே கிளிப். பழைய அட்டை ஒன்றின் விளிம்பில் அதை மாட்டச் சொல்வேன். நாலு நாலரை வயதில் பல குழந்தைகள் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கி மாட்டிவிடும். சில குழந்தைகள் இரண்டு கையையும் சேர்த்து நெரிக்கும். சில, ஒரு முறை பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டிவிடும். "எழுதவே மாட்டேங்கிறான் மேடம், கை வலிக்குதுன்னு அழறான்" என்று வந்த அம்மாவுக்குப் பாதி விடை அந்த இடத்திலேயே கிடைத்துவிடும்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பெயரைச் சொன்னதும் "பிசியோவா?" என்பார்கள். இல்லை. சட்டைப் பொத்தான் போடுவது, டிபன் பாக்ஸைத் திறப்பது, சோறு பிசைந்து சாப்பிடுவது, எழுதுவது என்று ஒரு குழந்தை அன்றாடம் செய்ய வேண்டிய காரியங்களை அதுவே செய்யும்படி பழக்குவது என் வேலை. அதில் பாதி, வீட்டில் என்ன செய்யலாம் என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பது.

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் பொதுவாக அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது, எல்லாம் குருத்தெலும்புதான். சில மாதங்களில் முதல் இரண்டு எலும்பாகத் தொடங்கும். கடைசி ஒன்று எலும்பாகத் தெரிவதற்குள் பிள்ளைக்கு 9 முதல் 12 வயது ஆகிவிடும். எல்.கே.ஜி. பிள்ளை எழுதவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் நாலு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைக்கிற அவசரத்தில், அந்தக் கை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பிசைவது, கிழிப்பது, முறுக்குவது, கிள்ளுவது, கோப்பது இதெல்லாம் எழுத்துக்கு முந்தைய பாடம். வீட்டில் செய்யும் கைவேலைக்கு நான் இவ்வளவு வக்காலத்து வாங்குவது அதனால்தான்.

ஆனால் இன்று கைவேலை என்ற பெயரில் நடப்பது வேறு. ஒரு யு.கே.ஜி. பையனின் அப்பா தெர்மகோல் வீடு ஒன்றைப் போனில் படம் காட்டினார். பள்ளிக்கூட 'புராஜெக்ட்'. கூரைக்கு ஐஸ் குச்சி, முற்றத்தில் பச்சைத் தாள், வாசலில் குட்டிக் கோலம்கூட இருந்தது. ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து செய்தாராம். "தம்பி என்ன செஞ்சான்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கொடிக்கு கலர் அடிச்சான்." அந்த வீட்டுக்கு முதல் பரிசு வேறு.

நானும் யோக்கியம் இல்லை. என் மகளுக்கு மூன்று வயதில் சிங்க முகமூடி செய்தோம். அவள் பிடரி மயிரை ஒரே பக்கமாக, நெற்றியில் கொத்தாக ஒட்டியிருந்தாள். அவள் தூங்கியதும் பிய்த்து எடுத்து, சுற்றிலும் சமமாக ஒட்டி வைத்தேன். காலையில் பார்த்தவள், "இது என்னுது இல்ல" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற எனக்கு அது வேண்டியதுதான்.

சரி, எதில் தொடங்கலாம்? மாவில்தான். இரண்டு டம்ளர் மைதா, அரை டம்ளர் தூள் உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைய வேண்டும். நிறத்துக்கு மஞ்சள்தூளோ பீட்ரூட் சாறோ போதும். மாவு கெடாமல் இருக்கத்தான் உப்பு. டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் தாங்கும். பிசைவதையும் குழந்தையே செய்யட்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிசைந்து உருண்டையாக்கிக் கையில் கொடுத்தால் பாதிப் பலன் உங்கள் கைக்குப் போய்விடுகிறது. முதலில் மாவு விரலெல்லாம் ஒட்டும், முகம் சுளிக்கும், உதறும். ஐந்து நிமிடம் பொறுத்தால் மாவு கையை விட்டு உருண்டையோடு சேரத் தொடங்கும். அந்த நேரத்தில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அப்புறம் பாம்பு உருட்டலாம், முறுக்கு சுற்றலாம், கொழுக்கட்டைக்கு விளிம்பு கிள்ளுவதுபோலக் கிள்ளலாம்.

எதையும் வாயில் போடும் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைக்கு இந்த உப்பு மாவு வேண்டாம். அவ்வளவு உப்பு வயிற்றுக்குள் போவது சின்ன உடம்புக்கு ஆபத்து. அவர்களுக்குச் சப்பாத்திக்குப் பிசைந்ததில் ஒரு உருண்டை போதும். "மாவை இப்படி வீணாக்குறாங்களே" என்று மாமியார் சொன்னால், ஒரு எல்.கே.ஜி. நோட்டின் விலை என்ன என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன். பலன் இல்லை, ஆனால் கேட்டேன்.

இன்னொன்று, என் கிளினிக்கில் எல்லாக் குழந்தைகளும் திரும்பக் கேட்பது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். குளியல் சோப்பைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, காது குடையும் பட்ஸை அதில் தோய்த்து அந்தத் தாளில் வரையச் சொல்லுங்கள். கோடு போடப்போட, போட்ட இடம் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சிவப்பாவதும் இதே கதைதான். காரம் பட்டால் மஞ்சள் நிறம் மாறும். ஆனால் ஆரத்திக்குக் கரைக்கும் சுண்ணாம்பை மட்டும் குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள். வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டை, டப்பாவைக் குழந்தை அமுக்கி, அது கண்ணில் தெறித்துப் பார்வையே பாதிக்கப்படுவது கண் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விபத்து. அப்படி நடந்தால் அந்த நிமிடமே சுத்தமான தண்ணீரை விட்டு, இமையைத் திறந்து பிடித்து விடாமல் கழுவ வேண்டும். கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். "கொஞ்சம் எரியும், சரியாயிடும்" என்று இருந்துவிடக் கூடாது.

தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் எனக்கு வேலை குறைவு. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக் காட்டச் சொன்னால் போதும். இலையை ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். விட்டால் பிரிந்துவிடும் என்பதால் ஒரு கை பிடிக்க, இன்னொரு கை உருட்ட வேண்டும். ஒரு முனையை மட்டும் லேசாக நசுக்கித் தட்டையாக்க வேண்டும். அதிகம் நசுக்கினால் சத்தம் வராது, நசுக்காவிட்டாலும் வராது. இரண்டு கையும் வேறு வேறு வேலையைச் சேர்ந்து செய்வது, அழுத்தத்தை அளந்து கொடுப்பது, உதட்டைக் குவித்து ஊதுவது என்று நான் தனித்தனியாகப் பயிற்சி கொடுக்கும் மூன்றும் அந்த ஒரு இலையில் இருக்கின்றன. பனை ஓலைக் காற்றாடியும், சாப்பிட்டு முடித்த நுங்கு மட்டையில் குச்சி செருகி ஓட்டும் வண்டியும் இதே சாதிதான். கோலம் அதற்கும் மேல். பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, ஒரே சீராக விடுவதைப் போன்ற விரல் பயிற்சி எந்தக் கடை பொம்மையிலும் கிடையாது. பெண் குழந்தைக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது என்று தெரியவில்லை. பையன்களையும் புள்ளி வைக்க விடுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருந்தால் அரவிந்த் குப்தாவைத் தேடிப் பாருங்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 1970களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிப் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்துக்குப் போய், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துக் கட்டுமான விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கியவர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குப்பையிலிருந்து பொம்மை செய்வதுதான் அவர் வாழ்நாள் வேலை. தீக்குச்சியின் மருந்தை மட்டும் நீங்கள் முதலிலேயே சுரண்டி எடுத்துவிடுங்கள்.

வீடியோவைப் பற்றிக் கேட்பார்கள். "யூடியூப்ல கிராஃப்ட் வீடியோதான் மேடம் பார்க்கிறா, கார்ட்டூன் இல்ல." டம்ளரில் சாய்த்து வைத்த போன் முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒரு கை காகிதம் மடிப்பதை வேடிக்கை பார்ப்பது கைவேலை ஆகாது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபடி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வீடியோவை நீங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு, போனை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள்.

"எங்களுக்கு நேரம் எங்கே?" என்பது நியாயமான கேள்வி. தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பட்டாணி உரிக்கும்போது பக்கத்தில் ஒரு கிண்ணம். கீரை ஆயும்போது ஒரு கட்டு. பழைய செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழிக்கக் கொடுத்தால் ஒரு ரசம் கொதித்து முடியும். மூன்று வயதுக்கு மேல் முனை மழுங்கிய கத்தரிக்கோல் கொடுக்கலாம், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். முதலில் காகித ஓரத்தில் ஒற்றை வெட்டு வெட்டத்தான் வரும். கோட்டின் மேல் வெட்ட நாலு வயதாவது ஆகும்.

இப்போது பயமுறுத்தும் பகுதி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள். விட்டம் சுமார் 3.17 சென்டிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம் என்று கணக்கு. வீட்டில் உருளை இருக்காது, ஆனால் கண் இருக்கிறது. மணி, சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, வேர்க்கடலை, தெர்மகோல் உருண்டை எல்லாமே அதற்குள் போகும். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் அது ஜலதோஷம் இல்லை, உள்ளே ஏதோ இருக்கலாம். ஹேர்பின்னை விட்டு நோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

கொலுவுக்கும் தீபாவளிக்கும் வாங்கும் பேட்டரி அகல் விளக்குகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பல விளக்குகளில் நாணயம் போன்ற வட்டப் பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துபோகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே ஓடுங்கள். ஸ்க்ரூ போட்டு மூடாத பேட்டரி விளக்கு குழந்தை உள்ள வீட்டுக்குள்ளேயே வேண்டாம் என்பேன்.

அப்புறம் குன்றிமணி. பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாருக்குக் கண் வைப்போமே, சிவப்பில் கறுப்புப் பொட்டோடு, அதுதான். உள்ளே கடும் நஞ்சு. முழுசாக விழுங்கினால் ஓடு உடையாமல் வெளியேறிவிடவும் கூடும், ஆனால் கடித்தாலோ துளை போட்டுக் கோத்ததை விழுங்கினாலோ நிலைமை வேறு. எப்படிப் போயிருந்தாலும் மருத்துவமனைக்குத்தான்.

எல்லாக் குழந்தைக்கும் மாவும் மண்ணும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி இன்னொன்றை அடியோடு ஒதுக்கினால், பசை, மண், சோறு எது கையில் பட்டாலும் அலறினால், முன்பு செய்ததைச் செய்ய முடியாமல் போனால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் டி.இ.ஐ.சி. என்ற, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் இடையீட்டு மையம் இருக்கிறது, சிகிச்சை இலவசம். கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அப்படி எது பட்டாலும் அலறிய ஒரு பையன் ஐந்து வயதில் என்னிடம் வந்தான். முதல் வாரங்களில் உலர்ந்த அரிசியில் விரலை விடுவதே பெரிய காரியம். அப்புறம் கோலப்பொடி, அப்புறம் எண்ணெய் தடவிய மாவு. சதுர்த்திக்கு முந்தின வாரம் கொஞ்சம் களிமண்ணைத் தட்டில் வைத்துவிட்டு, நான் பாட்டுக்கு என் பிள்ளையாரைச் செய்துகொண்டிருந்தேன். அவன் முதலில் ஒரே ஒரு விரலால் குத்திப் பார்த்தான். கர்ச்சீப்பில் துடைத்தான். மறுபடி குத்தினான். நாற்பது நிமிடம் கழித்து தட்டில் ஒரு பெரிய உருண்டை, அதன் மேல் ஒரு சின்ன உருண்டை, இரண்டு காது. அவன் பாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்த குன்றிமணியை நான் வாங்கி வைத்துக்கொண்டு கரித்துண்டு கொடுத்தேன். இரண்டு கண்ணையும் ஒரே பக்கத்தில் வரைந்தான்.

"தும்பிக்கை எங்கடா?" என்றார் பாட்டி.

"கொழுக்கட்டை எடுக்க உள்ள விட்டிருக்காரு" என்றான், கையைத் துடைக்காமலே.