சபத்தீயா: ஊர் மாறினால் பொருள் மாறும் ஒரு ஸ்பானியச் சொல்

"சே கித்தோ லாஸ் சபத்தீயாஸ்." காலில் கிடந்ததை யாரோ கழற்றினார்கள் என்பது மட்டும் இதில் தெரிகிறது. கழற்றியவர் ஆணா பெண்ணா என்பதை ஸ்பானிய வினைமுற்று காட்டாது. கழற்றியது என்ன என்பதைக் கதை நடக்கும் ஊர்தான் சொல்ல வேண்டும்.

கதை ஸ்பெயினின் மத்ரித்தில் நடந்தால், வீட்டுக்குள் போடும் மெத்தென்ற செருப்பாக இருக்கலாம். ஆள் படுக்கப் போகிறார். (ஸ்பெயினில் விளையாட்டு ஷூவுக்கும் இதே சொல்தான். குழப்பம் வந்தால் 'வீட்டுக்கு', 'விளையாட்டுக்கு' என்று ஒட்டுச் சேர்த்துக்கொள்வார்கள்.) அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் நடந்தால், லேஸ் கட்டிய ரப்பர் அடி ஷூ, ஓடிவிட்டு வந்திருக்கிறார். மெக்சிகோவில் நடந்தால், குதி உயர்ந்த ஹீல்ஸ். விருந்து முடிந்து கால் கடுக்கத் திரும்பிய பெண். அங்கே பால் பற்றிய சந்தேகமும் தீர்ந்துவிடுகிறது, 'கழற்றினாள்' என்றே எழுதலாம். சிண்ட்ரெல்லா தொலைத்த கண்ணாடிக் காலணியும் மெக்சிகோக்காரர்களுக்கு 'சபத்தீயா'தான்.

உச்சரிப்பும் ஊருக்கு ஊர் வேறு. மெக்சிகோவின் சபத்தீயா, மத்ரித்தில் நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் தபத்தீயா, புவெனஸ் ஐரிஸில் சபத்தீஷா.

சொல்லின் கட்டமைப்பு எளிது. 'சபாத்தோ' என்றால் ஷூ. அதோடு சிறுமை காட்டும் 'ஈயா' விகுதி சேர்ந்திருக்கிறது. கால் வழியாக வந்த சொல் கால் இல்லாத இடத்துக்கும் போயிருக்கிறது. குழாய் ஒழுகாமல் இருக்க உள்ளே வைக்கும் வாஷருக்கும் ஸ்பானிய மொழியில் இதுவே பெயர். அர்ஜென்டினாவில் நாலைந்து பிளக் செருகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சபத்தீயாதான்.

'சபாத்தோ'வின் வேர் துருக்கி மொழியில் இருப்பதாக ஸ்பானிய அகாதெமியின் அகராதி சொல்கிறது. எல்லா அறிஞர்களும் அதை ஏற்பதில்லை. உறவுகள் தெளிவாகவே தெரிகின்றன: பிரெஞ்சில் பழஞ்செருப்பைக் குறிக்கும் 'சவாத்', இத்தாலியில் 'சபாத்தா'. இத்தாலியர் தட்டையான ஒரு ரொட்டிக்கும் அந்தச் செருப்பின் பெயரையே வைத்தார்கள்.

போர்த்துகீசிய உறவு நம் வீட்டுக்கே வந்துவிட்டது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துகீசியர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658 வரை ஆண்டார்கள். அவர்களுடைய 'சபாத்து' ஈழத்தமிழில் 'சப்பாத்து' ஆயிற்று. அலுமாரி, கதிரை (நாற்காலி) வந்த வழியும் அதுதான். அதனால் ஸ்பானிய 'சபாத்தோ'வுக்குத் தமிழ் தேடுகிறவர் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் ஷூ என்கிறோம். சப்பாத்து அதைவிட நமக்கு நெருக்கமானது. கால் மூடினால் சப்பாத்து, திறந்திருந்தால் செருப்பு என்ற பாகுபாட்டை ஈழத்து வழக்கு தெளிவாகவே வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாகக் காலணி, பாதணி என்ற சொற்கள் இருக்கின்றன.

சபத்தீயாவுக்கு மட்டும் ஒற்றைத் தமிழ்ச்சொல் போதாது. வீட்டுச் செருப்பு, விளையாட்டுச் சப்பாத்து, குதியுயர் காலணி என்று இடம் பார்த்துப் பிரிக்க வேண்டும். அகராதியில் முதலில் கிடைத்த 'செருப்பு' என்பதையே எங்கும் போட்டால், மெக்சிகோப் பெண் விருந்துக்கு ரப்பர் செருப்போடு போய் நிற்பாள்.

விளையாட்டு ஷூவுக்கு மெக்சிகோவில் 'தெனிஸ்' என்பார்கள். உருகுவேயில் 'சாம்பியோனெஸ்', சாம்பியன் என்ற வணிகப் பெயரிலிருந்து வந்தது. இலங்கையில் ரப்பர் செருப்பைப் 'பாட்டா' என்று சொல்வதும் இதே போலத்தான். அந்த ரப்பர் செருப்புக்கு மெக்சிகோவில் 'சாங்க்லா', அர்ஜென்டினாவில் தென்னமெரிக்கப் பூர்வகுடி மொழியான கெச்சுவா தந்த 'ஒஹோத்தா', பெருவில் 'சயோனாரா'. சிலியில் 'ஹவாயானா' என்றும் சொல்வார்கள். நம் ஹவாய் செருப்பேதான்.