முதல் வருட மார்க் போய்விட்டதா? புதுப் பாடங்களைத் தேடாமல் பழையதைச் சரிசெய்யுங்கள்

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் யூனிவர்சிட்டிக்கு மாறுவது நன்றாக வகுக்கப்பட்ட பாதை. ஆனால் முதல் வருடத்தில் கால்குலஸில் எஃப், கெமிஸ்ட்ரியில் டி என்று வந்துவிட்டால், நம் வீடுகளில் முதலில் கேட்கும் யோசனை ஒன்றுதான்: "அடுத்த செமஸ்டரில் ஈஸியான நாலு பாடம் எடுத்து ஏ வாங்கு, ஜிபிஏ ஏறிடும்." ஜிபிஏ என்ற சராசரிப் புள்ளி ஏறத்தான் செய்யும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு மாணவர் முதல் வருடம் 24 யூனிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அளவு) படித்தார். 5 யூனிட் கால்குலஸ் எஃப், 5 யூனிட் கெமிஸ்ட்ரி டி, 4 யூனிட் ஆங்கிலம் பி, மீதி 10 யூனிட் சி. ஏ 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0 என்று வைத்து யூனிட்டால் பெருக்கினால் மொத்தம் 37 புள்ளி; 24ஆல் வகுத்தால் ஜிபிஏ 1.54. இப்போது புதிதாக 10 யூனிட் எடுத்து அத்தனையிலும் ஏ வாங்கினால் 34 யூனிட்டுக்கு 77 புள்ளி, 2.26. அதற்குப் பதிலாகத் தோற்ற அந்த இரண்டு பாடங்களையே திரும்பப் படித்து வெறும் பி வாங்கினால்? பழைய எஃப்பும் டியும் கணக்கிலிருந்து விலகிவிடும். 24 யூனிட்டுக்கு 62 புள்ளி, 2.58. பழைய பாடத்தில் வாங்கும் பி, புதுப் பாடத்தில் வாங்கும் ஏயை விட இங்கே அதிகம் தூக்குகிறது.

தமிழ்நாட்டில் படித்த பெற்றோர் இதை அரியர் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். இங்கே பரீட்சையை மட்டும் திரும்ப எழுத முடியாது. முழு செமஸ்டரும் வகுப்பில் உட்கார வேண்டும். ஒரே பாடத்தைப் பொதுவாக மூன்று முறைக்கு மேல் எடுக்கவும் முடியாது. பாதியில் விலகி டபிள்யூ என்ற விலகல் குறி வாங்கியதும் ஒரு முறையாகத்தான் எண்ணப்படும். அப்புறம், சி வாங்கிய பாடத்தைத் தரத்துக்காகத் திரும்ப எடுக்க விடமாட்டார்கள். மேலே சொன்ன மாணவரின் அந்த 10 யூனிட் சி அப்படியேதான் நிற்கும். சி என்பது பாஸ்தான், ஆனால் அது நிரந்தரம். அதனால் ஒரு வகுப்பு கைநழுவிப் போகிறது என்று தெரிந்தால் தேதிகளைப் பாருங்கள். முதல் சில வாரங்களுக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் தடமே இருக்காது. அதற்குப் பின், செமஸ்டரில் முக்கால் பங்கு முடியும் வரை டபிள்யூ. அதையும் தாண்டினால் கிரேடுதான். துல்லியமான நாள் ஒவ்வொரு வகுப்புக்கும் வேறு. மாணவர் போர்ட்டலில் இருக்கும்.

நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணத்தால் விலக நேர்ந்திருந்தால் சாதாரண டபிள்யூவுக்குப் பதில் "எக்ஸ்க்யூஸ்ட் வித்ட்ராவல்" கேளுங்கள். ஆதாரம் வேண்டும். கிடைத்தால் அது மூன்று முறைக் கணக்கில் சேராது. இனித் தேவையே இல்லாத பழைய பாடங்களில் டி, எஃப் இருந்தால் (மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, மாற்றியவர்களுக்கு இது பொருந்தும்) "அகாடமிக் ரினியூவல்" என்ற மனு உண்டு. கிரேடு டிரான்ஸ்கிரிப்டில் தெரியும், ஆனால் ஜிபிஏவில் சேராது. எத்தனை யூனிட் வரை, எவ்வளவு காலம் கழித்து, இடையில் என்ன ஜிபிஏ காட்ட வேண்டும் என்பதைக் கல்லூரியை நிர்வகிக்கும் கல்லூரி மாவட்டம் தீர்மானிக்கும்.

செய்யவே கூடாதது ஒன்று: வேறு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்து பழையதை மறைப்பது. படித்த எல்லாக் கல்லூரிகளையும் விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமும் ரத்தாகும்.

இனி இலக்கு. கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி என்னும் சிஎஸ்யூவுக்குக் குறைந்தபட்சம் 60 செமஸ்டர் யூனிட், ஜிபிஏ 2.0. பேச்சு, எழுத்து, தர்க்கச் சிந்தனை, கணிதம் ஆகிய நான்கிலும் சி மைனஸுக்குக் குறையக் கூடாது. டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் (இரண்டு வருடப் பட்டம்) முடித்தால் சிஎஸ்யூ அமைப்பில் ஏதோ ஒரு வளாகத்தில் இடம் உறுதி. நீங்கள் கேட்ட வளாகத்தில்தான் என்று இல்லை. யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா என்னும் யூசிக்கு அதே 60 யூனிட், ஜிபிஏ மாநிலவாசிக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8. இவை வாசலைத் தொடுவதற்கான எண்கள். யூசியின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இதை வைத்துக் கனவு காண வேண்டாம். டேவிஸ், எர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறும் "டேக்" என்ற இட உறுதி ஒப்பந்தம் தருகின்றன. ஒன்றுக்கு மட்டும்தான் போட முடியும். செப்டம்பர் 1 முதல் 30 வரை. ஒவ்வொரு வளாகமும் தனி ஜிபிஏ கேட்கும், சில மேஜர்களுக்கு டேக்கே கிடையாது. எந்தப் பாடம் எங்கே செல்லுபடியாகும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் பாருங்கள், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம்.

செப்டம்பர் என்ற அந்த மாதம்தான் பலரைக் கவிழ்க்கிறது. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் விண்ணப்பிக்கும்போது கையில் இருப்பது முதல் வருட மார்க்கும், அதிகபட்சம் ஒரு கோடைக்கால வகுப்பும்தான். யூசி விண்ணப்பம் நவம்பர் கடைசி வாக்கில் முடிகிறது. அந்த இலையுதிர் செமஸ்டரின் கிரேடுகளை ஜனவரியில் தனியாகப் புதுப்பித்துத் தர வேண்டும். தேறிவந்ததற்குச் சாட்சியாக ஒரே ஒரு செமஸ்டர்! எங்கள் கருத்தில், முதல் வருடம் 2.0க்குக் கீழே போனவர் மூன்று வருடத் திட்டம் போடுவதே நல்லது. மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். 30 யூனிட் 1,380 டாலர். கூடுதல் வருடத்துக்கு இதைவிடக் குறைந்த விலை அமெரிக்காவில் கிடைப்பது அரிது. "பக்கத்து வீட்டுப் பையன் போய்விட்டான்" என்ற அவசரத்துக்கு இங்கே இடமில்லை.

ஃபெடரல் உதவித்தொகை வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜிபிஏ 2.0 மட்டும் போதாது, எடுத்த யூனிட்டுகளில் சுமார் 67 சதவீதத்தைப் பாஸ் செய்திருக்கவும் வேண்டும். டபிள்யூக்கள் இங்கேதான் கடிக்கும். உதவித்தொகையை நிறுத்திவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். நடந்தது என்ன, இப்போது மாறியிருப்பது என்ன என்ற இரண்டுக்கும் ஆவணம் இணையுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் நிலை வேறு. செமஸ்டருக்கு 12 யூனிட் கட்டாயம்; அதில் ஒரு ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 யூனிட் வரைதான் எண்ணப்படும். வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரியான டிஎஸ்ஓவிடம் முன் அனுமதி வாங்காமல் ஒரு வகுப்பைக் கைவிட்டு 12க்குக் கீழே போனால் பிரச்சினை மார்க்கில் இல்லை, விசாவில். மூன்றாம் வருடம் தேவைப்பட்டால் ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் ஆவணம்) முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள்.

யூசி விண்ணப்பத்தில் 350 சொல் வரம்புள்ள நான்கு கேள்விகள் உண்டு. அவற்றை முதல் வருடத்துக்கான மன்னிப்புக் கடிதமாக்கி வீணடிக்காதீர்கள். காரணத்தைச் சொல்லக் கூடுதல் குறிப்புக்கான பெட்டி இருக்கிறது. நாலைந்து வரி போதும். எந்த செமஸ்டர், என்ன நடந்தது, எந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்து என்ன வாங்கினார்.

இடம் கிடைத்த பிறகும் கடைசி வசந்த செமஸ்டரில் அசந்துவிட வேண்டாம். திட்டமிட்ட பாடத்தைச் சொல்லாமல் விட்டாலோ, அதில் டி வந்தாலோ யூசி இடத்தைத் திரும்பப் பெறலாம். மாற்றம் வந்தால் உடனே வளாகத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள் போய்ச் சேர வேண்டும்.