பிரேக் ஆயிலை வண்டி குடிக்காது

பிரேக் ஆயிலை "வண்டி குடிக்கிறது" என்று ஊற்றி ஊற்றி ஓட்டி, என் பட்டறைக்கு வந்ததில் இந்த மாதத்தில் இது நாலாவது வண்டி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வியாழக்கிழமை பட்டறையை மூடுகிற நேரம். பள்ளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் வந்தான். வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஹெட்லைட் ஒன்று எரியவில்லை, அதைப் பார்த்துக் கொடுத்தால் போதும் என்றான். சனிக்கிழமை விடியற்காலையில் அப்பா, அம்மா, தங்கச்சியை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை போகிறானாம்.

வண்டியை உள்ளே விட நான்தான் ஏறினேன். பிரேக் பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிடித்தது. சீட்டுக்கு அடியில் பிரேக் ஆயில் பாட்டில் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. என்னப்பா இது என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லண்ணே, பழைய வண்டிதானே, வாரத்துக்குக் கொஞ்சம் குடிக்கும். ஊத்திட்டா நல்லாப் பிடிக்குது."

ஹெட்லைட்டை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மை இழுத்தேன். டிரம்மைப் பிடித்து நிறுத்துகிற லைனிங் மேல் செம்மண்ணும் பிரேக் தூளும் ஆயிலும் குழைந்து சாந்து பூசியது போல ஒட்டியிருந்தது. லைனிங்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாகத் தூக்கினேன். உள்ளே தேங்கியிருந்த ஆயில் என் மணிக்கட்டு வரை வழிந்தது. பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த வண்டியைத்தான் அவன் 70 கொண்டை ஊசி வளைவு ஏற்றி இறக்கப் போயிருப்பான்.

தயவுசெய்து இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இஞ்சின் ஆயில் குறையும். ரிங் தேய்ந்தால், வால்வு சீல் போனால் அது எரிந்து புகையாகப் போகும். "ஆயில் குடிக்கிறது" என்று நாம் சொல்வது அதைத்தான். பிரேக் ஆயில் எரிவதற்கு எந்த இடமும் இல்லை. ஆயில் ஊற்றும் டப்பாவிலிருந்து, பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், அங்கிருந்து பைப், ஹோஸ், வீல் சிலிண்டர். அவ்வளவுதான் அதன் உலகம். எல்லாப் பக்கமும் மூடிய பாதை. நீங்கள் மிதித்தால் சக்கரத்துக்குப் போகும், காலை எடுத்தால் திரும்பி வரும். ஐந்து வருடம் ஓட்டினாலும் அதில் ஒரு சொட்டுக்கூடச் செலவாகக் கூடாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முன்னால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் டிஸ்க்கைப் பிடிக்கிற பேட் தேயத் தேய, அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும். அது மாதக்கணக்கில் நடப்பது. வாரத்துக்கு ஒரு மூடி குறைந்தால் அதற்குப் பெயர் லீக். வேறு பெயர் கிடையாது.

ஊற்றினால் பிடிக்கிறதே என்பார்கள். பிடிக்கத்தான் செய்யும், டப்பாவில் ஆயில் இருக்கும் வரை. நம் பக்கம் முழுக்கத் தட்டை பூமி. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் ஓட்டுகிற வரை பிரேக்குக்குப் பெரிய வேலையே இல்லை. மாடு குறுக்கே வந்து முழுக் காலையும் வைத்து அமுக்கும்போதும், மலை இறக்கத்தில் விடாமல் மிதிக்கும்போதும்தான் சிலிண்டருக்குள் தேய்ந்த ரப்பர் மொத்தமாகக் கைவிடும். மிகப் பழைய ஜீப்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பாதைதான். ஒரு சக்கரத்தில் ஆயில் வெளியேறினால் நாலிலும் பிரேக் போச்சு.

சரி, எங்கே தேடுவது? நாலு சக்கரத்தின் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் உள்சுவரில் ஈரக் கோடு தெரிந்தால் வீல் சிலிண்டர். பின்சக்கரத்தில் ஈரம் கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் அது ஆக்சில் ஆயில், அதைத் தடுக்கிற ஹப் சீல் போயிருக்கிறது. பிரேக் ஆயில் தண்ணீர் போல இளகலாக இருக்கும், பெயிண்டைத் தின்றுவிடும். மாஸ்டர் சிலிண்டர், மிதிக்கு வலுச் சேர்க்கிற பூஸ்டரோடு சேரும் இடத்துக்குக் கீழே பெயிண்ட் உரிந்திருந்தால் கசிவு அங்கே. ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் வண்டி என்றால் டிரைவர் காலடி விரிப்பைத் தூக்குங்கள். அடியில் ஈரமாக இருந்தால் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்.

ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, நெருப்பில் காட்டித் திரும்ப மாட்டுகிறார்கள். அது திரும்பச் சரியாகாது. சூடானால் உள்ளிருந்து மறுபடி கக்கும். ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் புதிது போடுங்கள், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம்முக்குள் காற்றடித்துத் தூளை ஊதாதீர்கள், பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடையுங்கள்.

டப்பாவில் இஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றிய வண்டிகளும் வருகின்றன. சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுத்து நிற்கிற ரப்பர் கப் அத்தனையும் ஊதிப் பெருத்துவிடும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். அவசரத்துக்குக்கூட வேண்டாம்.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டு ஜீப்பைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரில். கல்யாணம், திருவிழா என்றால்தான் பின்கட்டுக் கொட்டகையிலிருந்து வண்டி வெளியே வரும். கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கிளட்ச் பிளேட் துருவேறி, இஞ்சினோடு சுற்றுகிற ஃபிளைவீலோடு ஒட்டிக்கிடந்தது. பிரேக்கையும் பார்த்தேன், இரண்டு வீல் சிலிண்டர் இறுகிப்போயிருந்தது. "நிக்கிற வண்டியில என்னப்பா தேயும்?" என்று ஆச்சி உண்மையாகவே கேட்டார்கள்.

தேயாது ஆச்சி, துருப்பிடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் சிலிண்டர் சுவரைக் குழி குழியாக அரிக்கும். பிறகு ஓட்டும்போது ரப்பர் கப் அந்தக் குழியில் உரசிக் கிழியும். பள்ளத்தூர் பையனின் ஜீப்பும் அப்படி நின்று கிடந்ததுதான், கழற்றிய சிலிண்டருக்குள் விரலை விட்டால் சொரசொரப்பு தெரிந்தது. கிலோமீட்டர் குறைவு என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். நின்ற வண்டியை வாங்குகிறவர்கள் மீட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அதே ஈரம் இன்னொன்றும் செய்யும். டாட் 3 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஊறியபின் அது 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகி, உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு போலத் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறையுங்கள். இஞ்சினை அணைத்து உருட்டவே உருட்டாதீர்கள், பூஸ்டருக்கு இஞ்சினிலிருந்து வரும் வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) கிடைக்காமல் ஓரிரண்டு மிதியோடு பெடல் கல்லாகிவிடும்.

பழைய வண்டி வாங்கப் போனால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இஞ்சின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்து வையுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே விடுகிறது. முதல் மிதி தாழ்ந்து இரண்டாவது மிதி கெட்டியாக மேலே நின்றால் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. பஞ்சு போல இருந்தால் பைப்புக்குள் ஏர் (காற்று) இருக்கிறது. இஞ்சினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்துவிட்டு, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு துளி கீழே போனால் பூஸ்டர் வேலை செய்கிறது.

கிளட்சுக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். இஞ்சின் அணைந்தால் நல்லது. அணையாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்து இருக்கிற பிளேட்டையும் கருக்காதீர்கள். நின்ற இடத்தில் கிளட்சை முழுக்க மிதித்துச் சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடும்போது கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. மிதித்தால் சத்தம் வருகிறதா, கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் நிற்கிறதா, கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். ராடால் கிளட்சை இழுக்கிற லிங்கேஜ் வைத்த பழைய ஜீப்களில் பெடலில் விடுபட்ட ஆட்டம் ஓர் அங்குலமாவது இருக்கட்டும். கிளட்ச் தாழ்ந்துவிட்டது என்று ஆட்டமே இல்லாமல் ராடை முறுக்கி வைத்தால், பேரிங் எப்போதும் உரசி, பிளேட்டும் வழுக்கத் தொடங்கும்.

கண்மாய்க்குள் இறக்கி விளையாடுகிற தம்பிகளே, கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காய வையுங்கள். ஈர டிரம் பிடிக்காது. மறுவாரமே டிரம்மைக் கழற்றிச் சேற்றைத் துடையுங்கள்.

அந்தப் பையன் சனிக்கிழமை கொல்லிமலை போகவில்லை. முகம் வாடித்தான் வீட்டுக்குப் போனான். நாலு வீல் சிலிண்டர், பின்பக்க லைனிங், ஹோஸ் எல்லாம் மதுரையிலிருந்து வர நாலு நாள் ஆனது. இந்த வண்டிகளுக்குச் சாமான் இங்கே கேட்டவுடன் கிடைக்காது. மலைக்குப் போவதென்றால் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள். சீட்டுக்கு அடியில் பாட்டில் இருந்தால் அதை முதலில் எடுத்துக் காட்டுங்கள்.