சாக்பீஸை ஸ்கூல்லயே வெச்சுட்டு வாங்க சார்

போன வாரமும் ஒரு ஸ்கூல் குரூப். சேலம் பக்கம் ஏரிக்கரை ஓரமா ஒரு நடுகல், அதுல நாலஞ்சு வரி எழுத்து, கூட வந்த சாரே சாக்பீஸால ஒவ்வொரு எழுத்தா இழுத்து விட்டுட்டு "இப்ப எடுங்கடா, 3டி மாடல் பண்ணலாம்"ங்கிறாரு. பழைய சின்னங்களை ஸ்கேன் பண்ணி ஸ்கூல் டூருக்கு கொண்டு வர்றதுதான் என் பொழப்பு, இதைப் பாக்குறப்ப வயிறு எரியுது.

"எழுத்து தெரியலையே, அதான்"னு எல்லாரும் இதையே சொல்றாங்க. தெரியும்ங்க. காலையில, சாயங்காலம் சாய்வெயில்ல வாங்க. இல்லனா துணியால நிழல் கட்டி, போனை ஸ்டாண்டுல அசையாம வெச்சுட்டு, இன்னொரு போன் டார்ச்சை பக்கவாட்டுல கல்லை ஒட்டினாப்ல அடிங்க, எழுத்து தானா எழும்பி நிக்கும். நேரா பிளாஷ் அடிச்சாதான் எல்லாம் அமுங்கிடும்.

சாக்பீஸ் போடறவரு தனக்குத் தோணுனதைத்தான் வரையறாரு. பழைய கல்வெட்டுல பெரும்பாலும் புள்ளி இருக்காது, ரகரமும் காலும் ஒரே மாதிரி நிக்கும், 'மர'வா 'மா'வான்னு அடிச்சுக்கற இடம் அது. பொரிஞ்ச கல்லுல இருக்கற கீறலையும் சேத்து இழுத்துட்டா வேற எழுத்தே ஆயிடும், அப்புறம் அந்த மாடலைப் பாத்துப் படிக்கிறவன் உங்க தப்பைத்தான் படிப்பான். மழையில போயிடும்னு ஒரு சமாதானம் வேற. முழுசா போகாது, அதை எடுக்கறேன்னு ஒருத்தர் கம்பி பிரஷ்ஷோட வருவாரு, அதோட கதை முடிஞ்சுது. எழுத்து தெரியறதுக்குன்னு தடவற மைதா, எண்ணெய், திருநீறுக்கும் இதேதான்.

போட்டோக்களைச் சேத்து 3டி மாடல் பண்ற சாப்ட்வேருக்கு கருங்கல்லோட சொரசொரப்பே போதும். பிளாஷ் இல்லாம சுத்தி நடந்து எடுங்க, ஒவ்வொரு போட்டோவுலயும் முன்ன எடுத்ததுல முக்கால்வாசி திரும்ப வரணும், ஓரத்துல ஒரு ஸ்கேல்.

மாடலைப் பாக்கறதுக்குன்னு கோவில் தூண்ல க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, அட்டையில அடிச்சு பசங்க கையில குடுங்க. தாரமங்கலம் கைலாசநாதர் கோவில்ல ராமர் சிலை கிட்ட நின்னா வாலி சிலை தெரியும், வாலி கிட்ட நின்னா ராமர் தெரிய மாட்டாரு. முதல்ல ரெண்டு இடத்துலயும் பசங்களை நிக்க வைங்க, 360 வீடியோ எல்லாம் அப்புறம்.

ஏற்காடு போறவங்க சிக்னலை நம்பாம மாடல், வீடியோவை எல்லாம் கீழயே டவுன்லோட் பண்ணிக்கோங்க. சேர்வராயன் குகைக்கோவில்ல பூசாரியைக் கேக்காம கேமரா தூக்காதீங்க, அது அந்த மலையில வாழற மலையாளி பழங்குடி மக்களோட (கேரளாக்காரங்க இல்ல) சாமி, உங்க ரீல்ஸுக்கு செட் கிடையாது.

கடைசியா கெஞ்சிக் கேக்கறேன், நடுகல்லோட லொகேஷனை டேக் பண்ணாதீங்க. அடியில புதையல் இருக்குன்னு தோண்டறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. புதுசா ஏதாவது கண்ணுல பட்டா சேலம் அரசு அருங்காட்சியகத்துல சொல்லுங்க.