ஃபேக்ஸுக்கு இரண்டு கம்பி போதும்

மேசையை ஜன்னலோரம் நகர்த்தினேன். ஃபேக்ஸ் மெஷினின் டெலிபோன் ஒயர் எட்டவில்லை. கடையில் பத்து மீட்டர் தட்டை ஒயர் வாங்கி மாட்டினேன். டயல் டோன் வந்தது, பேசினால் குரலும் தெளிவாகத்தான் கேட்டது. ஃபேக்ஸ் மட்டும் பக்கத்தின் பாதியிலேயே நின்றுபோனது.

நம் காது தாராளமானது. லைனில் இரைச்சல் இருந்தாலும் 'நாளைக்கு வரேன்' என்பதைப் பிடித்துக்கொள்ளும். ஃபேக்ஸால் அது முடியாது. குரலுக்கென்று இருக்கும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய சந்துக்குள்தான் பக்கத்தின் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளையும் அது ஒலியாக்கி அனுப்ப வேண்டும். பக்கத்தின் ஒரு மெல்லிய கிடைக்கோட்டுக்கு 1728 புள்ளிகள். அனுப்புவதற்கு முன் இரண்டு மெஷின்களும் ஒத்திகை பார்க்கும். ஒன்றரை விநாடிக்கு வெறும் பூஜ்யங்களாக அனுப்பிப் பார்க்கும். மறுமுனையில் பிழை அதிகமானால் வேகத்தைக் குறைத்து மறுபடி முயலும். விநாடிக்கு 14,400 பிட்டில் தொடங்கியது 9,600, 7,200 என்று இறங்கிக்கொண்டே போகும். வழக்கத்தைவிட ஃபேக்ஸ் மெதுவாகப் போனால் லைனை ஒருமுறை சந்தேகப்படலாம்.

என் தட்டை ஒயர் கரன்ட் ஒயரை ஒட்டியே போனது. தட்டை ஒயருக்குள் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நேராக ஓடும். கரன்ட் ஒயருக்கு அருகில் இருக்கும் கம்பி கொஞ்சம் கூடுதலாக இரைச்சலை வாங்கும், மற்றது குறைவாக. மெஷின் கவனிப்பது இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே. அதனால் அந்த ஏற்றத்தாழ்வும் செய்தியோடு சேர்ந்துவிடும். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரண்டும் மாறி மாறி அருகில் வரும், இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக ஏறி, கழிந்துவிடும். இதற்கு கிரஹாம் பெல் 1881லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஒயர் ஒன்றிரண்டு மீட்டர்தான் என்றால் தட்டையாக இருந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. நீளமாக வேண்டுமென்றால் முறுக்கியதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கம்பிகளின் எண்ணிக்கை. டெலிபோன் ஒயரின் முனையில் இருக்கும் ஆர்ஜே11 பிளக்கில் ஆறு கம்பிக்கு இடம் உண்டு. ஆனால் ஒரு லைனுக்கு வேண்டியது நடுவில் இருக்கும் இரண்டுதான். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து மஞ்சளாக மின்னும் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டோ நான்கோ இருக்கும். சில மெஷின்களின் கையேடு இரண்டு கம்பி ஒயரைத்தான் மாட்டச் சொல்லும். நான்கு கம்பி ஒயரின் மற்ற இரண்டில் வேறு லைன் ஏதாவது ஓடினால் அந்தச் சத்தம் இதில் கசியலாம். ரிசீவரின் சுருள் ஒயரை இழுத்து மாட்டலாமா என்றால், முடியாது. அதன் பிளக்கே சிறியது.

கையேட்டில் இன்னொன்றும் இருந்தது, நான் படிக்காமல் தாண்டிய பக்கம்: ஒயர் 26 ஏடபிள்யூஜி (கம்பியின் தடிமனைச் சொல்லும் அமெரிக்க அளவு) அல்லது அதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 26 என்றால் சுமார் 0.4 மில்லிமீட்டர். இது தெளிவுக்காகச் சொன்னதல்ல, தீ விபத்தைத் தவிர்க்க. தெருவில் மின்கம்பி அறுந்து டெலிபோன் லைன் மேல் விழுந்தால், ஒல்லியான ஒயர் சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

கடைசியில் மேசையைப் பழையபடி சுவரோரம் இழுத்துப் போட்டேன். மெஷினோடு வந்த ஒயரே எட்டியது.